டொக்டரிடம் எப்படிச் சொல்வது? திருநர்களின் கேள்விகளுக்கு ஒரு மலையக வைத்தியரின் பதில்கள்

ஹட்டன் பக்கம் சின்ன டிஸ்பென்சரி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறேன். காய்ச்சல், அட்டைக்கடி, குளவிக்கொட்டு என்று வருகிறவர்களுக்கு நடுவே, கடைசி ஆளாக வந்து கதவு சாத்தும்வரை வாய் திறக்காமல் இருப்பவர்களும் வருவார்கள். இந்தத் தடவை கேள்விகள் அப்படிப்பட்டவர்களிடமிருந்தும் அவர்களுடைய வீட்டாரிடமிருந்தும் வந்தவை.

எனக்கு 23 வயது. கொழும்பில் கடையொன்றில் வேலை. அங்கே திருநங்கையாகவே வாழ்கிறேன். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மட்டும் உடுப்பை மாற்றிக்கொண்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வருவேன். எங்கள் குடும்பம் வழக்கமாகப் போகும் டொக்டரிடம் இதைச் சொல்லலாமா? அப்பாவுக்குப் போய்விடுமா? (மஸ்கெலியா)

உங்களுக்கு 18 தாண்டிவிட்டது, மகள். நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதி இல்லாமல் அப்பாவிடம் சொல்ல எந்த டொக்டருக்கும் உரிமை கிடையாது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் தவிர, அது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

ஆனால் நம் ஊரில் விஷயம் டொக்டர் வாயால் கசிவது குறைவு. வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து லயத்து அக்காவாலும், மருந்து கட்டிக்கொடுக்கும் பையனாலும்தான் கசியும். அதனால் சம்பள நாளை ஒட்டியும் ஞாயிற்றுக்கிழமையும் போகாதீர்கள். வார நாளில், மலையில் கொழுந்து பறிக்கும் நேரத்தில் போங்கள். வாங்கு காலியாக இருக்கும். உள்ளே போனதும் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "நான் சொல்லப்போவதை அப்பா வந்து கேட்டாலும் சொல்ல மாட்டீர்கள்தானே?" என்று முதலில் கேளுங்கள். அவர் நேராகப் பார்த்து "மாட்டேன்" என்றால் பேசுங்கள். இழுத்தால், தடிமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். குற்றமில்லை, வேறு டொக்டர் இருக்கிறார்.

பெரிய முன்னுரை வேண்டாம். "டொக்டர், நான் திருநங்கை. இன்ன மாத்திரை எடுக்கிறேன். பிரஷரும் இரத்தமும் பார்க்க வேண்டும்." இவ்வளவு போதும். குரல் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள். ஒருவர் என்னிடம் பஸ் டிக்கட் அளவுக்கு மடித்த தாளொன்றை மேசையில் வைத்துவிட்டு, நான் வாசித்து முடிக்கும்வரை சுவரில் இருந்த கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் நனைந்து மை பரவி, பாதி எழுத்து அழிந்திருந்தது. மிச்ச பாதியே எனக்குப் போதுமாக இருந்தது.

இன்னொன்று. ஹோர்மோன் சிகிச்சை தொடங்கத் தெரியாத டொக்டரை உதவாதவர் என்று ஒதுக்க வேண்டாம். பிரஷர் பார்ப்பது, இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவது, ரிப்போர்ட்டை வாசிப்பது, நிபுணருக்குக் கடிதம் கொடுப்பது, இடையில் காய்ச்சல் வந்தால் எந்த மருந்து ஒத்துப்போகும் என்று சொல்வது எல்லாம் அவர் தினமும் செய்கிற வேலைதான்.

பாமசியில் மித்துரி வாங்கி ஒரு நாளைக்கு மூன்று, நான்கு என்று போடுகிறேன். எட்டு மாதமாகிறது. சிகரெட் பழக்கமும் இருக்கிறது. ஒரு பிரச்சினையும் இல்லை. தொடரலாமா? (தலவாக்கலை)

வேண்டாம். இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

மித்துரி குடும்பக்கட்டுப்பாட்டுக்கான மாத்திரை. அந்த வேலைக்கு, அளவாக எடுத்தால் நல்ல மருந்துதான். அதில் இருக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன், எதினைல் எஸ்ட்ராடியோல் என்ற வகை. மற்ற வகைகளைவிட இது இரத்தத்தை உறையவைக்கும் ஆபத்து கூடியது. நீங்கள் மூன்று நான்கு மடங்கு எடுக்கிறீர்கள், மேலே சிகரெட். அதற்கும் மேலே கொழும்பு பஸ்ஸில் நாலைந்து மணி நேரம் காலை மடக்கிக்கொண்டு பயணம். எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை என்பது ஒன்பதாவது மாதத்துக்கு உத்தரவாதம் இல்லை.

ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், முகமோ கையோ ஒரு பக்கம் இழுத்தால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அங்கே மாத்திரை விஷயத்தை மறைக்க வேண்டாம். அதைச் சொன்னால்தான் சரியான இடத்தில் தேடுவார்கள்.

நிபுணர்கள் பெண்மைக்கான ஹோர்மோன் சிகிச்சைக்குக் கொடுப்பது எஸ்ட்ராடியோல், மித்துரியில் இருக்கும் எதினைல் வகை இல்லை. உடலின் டெஸ்டொஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோனை அடக்க ஸ்பைரோனோலக்டோன் அல்லது சைப்ரோடெரோன் கூடச் சேர்வதுண்டு. முன்னதில் பொட்டாசியம் ஏறலாம், பின்னதில் ஈரலைக் கவனிக்க வேண்டும். இவை கடையில் கேட்டு வாங்கிப் போடும் மருந்துகள் இல்லை என்பதற்குக் காரணம் அதுதான். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் பார்ப்பது வழக்கம். பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும்.

"நிறையப் போட்டால் சீக்கிரம் மாறும்" என்று கூட்டாளிகள் சொல்லியிருப்பார்கள். அப்படி நடக்காது. மார்பு வளர இரண்டு மூன்று வருடம் எடுக்கும், அதை மாத்திரை எண்ணிக்கையால் அவசரப்படுத்த முடியாது. அப்புறம், பிள்ளை பெறும் ஆசை எப்போதாவது இருந்தால் அதையும் முன்கூட்டியே பேசுங்கள். ஹோர்மோன் விந்தணுவைக் குறைக்கும். எல்லாம் திரும்பி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பழைய மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு டொக்டரிடம் போங்கள். திட்டுவாரோ என்ற பயம் வேண்டாம். திட்டினாலும் இரத்தம் எழுதிக் கொடுப்பார்.

நான் திருநம்பி. ஆறு மாதமாக டெஸ்டொஸ்டெரோன் ஊசி போடுகிறேன். நெஞ்சை பண்டேஜ் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். மேட்டில் ஏறும்போது மூச்சு முட்டுகிறது. (நுவரெலியா)

தம்பி, முதலில் அந்தப் பண்டேஜைக் கழற்றுங்கள். சுளுக்குக்குச் சுற்றும் இழுவைப் பண்டேஜ் மூச்சு விட விட இறுகும். விலா எலும்பே வலி கண்டுவிடும். நெஞ்சுக்கென்று தைத்த பைண்டர் அல்லது இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பனியன் போடுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போது வேண்டவே வேண்டாம், சுமை தூக்கும் நாளில் முடிந்தால் தளர்த்திவிடுங்கள்.

பண்டேஜை மட்டும் குறை சொல்லிவிட்டு நிற்கவும் எனக்கு மனமில்லை. டெஸ்டொஸ்டெரோன் சிவப்பணுக்களைக் கூட்டும். நீங்கள் இருப்பது கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே. அந்த உயரத்திலும் இரத்தம் சற்று அடர்த்தியாகத்தான் இருக்கும். புகைத்தால் இன்னும் கூடும். ஆகவே எஃப்.பி.சி. என்ற இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை ஒன்று கட்டாயம். ரிப்போர்ட்டில் பெண் என்று போட்டு, பெண்களுக்கான அளவோடு ஒப்பிட்டு, "மிக அதிகம்" என்று சிவப்புக் கோடு விழுந்திருந்தால் பதறாதீர்கள். ஊசி போடுகிறவர்களுக்கு ஆண்களுக்கான அளவையே பார்க்க வேண்டும். இதை டொக்டருக்கு நினைவூட்டினாலும் தப்பில்லை.

மாதவிடாய் நின்றுவிட்டது என்பதற்காகக் கர்ப்பம் தங்காது என்று நினைக்க வேண்டாம். இந்த ஊசி குடும்பக்கட்டுப்பாடு ஆகாது. கர்ப்பப்பை இருக்கும்வரை 35 வயதில், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பெப் பரிசோதனையும் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பெண்கள் கிளினிக்கில் தாடியோடு போய் வரிசையில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். குடும்ப வைத்தியர் முன்கூட்டியே ஒரு போன் போட்டு, கிளினிக் முடிகிற நேரத்துக்கு வரச் சொல்லி ஒழுங்குபடுத்தலாம். நான் செய்திருக்கிறேன், ஐந்து நிமிட வேலை.

என் மகனுக்கு 15 வயது. தன்னைப் பெண்பிள்ளை என்கிறான். பூசாரியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டினோம். அப்பா அடித்தும் பார்த்துவிட்டார். இந்த வியாதியை நீங்கள் மாற்றித் தருவீர்களா, டொக்டர் ஐயா? (மடுல்சீமை)

அம்மா, கயிறு இருந்தால் இருக்கட்டும். அடி மட்டும் இன்றோடு நிற்க வேண்டும்.

இது வியாதி இல்லை, மாற்றுவதற்கு மருந்தும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் இதை மனநோய்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மாற்றித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

அதற்காக இன்றே ஏதாவது முடிவெடுக்க வேண்டும் என்றும் இல்லை. பிள்ளை என்ன சொல்கிறது என்று கேளுங்கள், பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பாடு குறைகிறதா, பள்ளிக்கூடம் போகாமல் ஒளிகிறதா, வெயிலிலும் நீளக்கை ஸ்வெட்டரைக் கழற்ற மறுக்கிறதா என்று பாருங்கள். மரக்கறிக்கு அடிக்கும் மருந்தையும் வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுத்துப் பேசலாம்.

பதுளை ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்கு நான் கடிதம் தருகிறேன். பிள்ளையைத் திருத்துவதற்கு இல்லை, வீட்டில் எல்லோரும் பேசிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடையாள அட்டையில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற, குடும்ப வைத்தியர் ஒரு சேர்டிபிகட் தந்தால் போதுமா? (பண்டாரவளை)

போதாது. சுகாதார அமைச்சு 2016இல் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பாலின அங்கீகாரச் சான்றிதழை மனநல வைத்திய நிபுணர்தான் தர முடியும். அதை வைத்துப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, பிறகு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கண்டி, நுவரெலியா, பதுளை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் இருக்கிறது. காசு கட்டத் தேவையில்லை. ஒரே நாளில் முடியாது, பல தடவை போக வேண்டிவரும். எத்தனை நாளாக உங்களைத் தெரியும், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று குடும்ப வைத்தியர் எழுதித்தரும் கடிதம் அங்கே உதவும்.

நம் ஆட்களுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் இன்னொன்று, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) அட்டையில் மூன்றாவது. தோட்டத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். 1948இல் மலையகத் தமிழரிடமிருந்து பறிபோன குடியுரிமையைக் கடைசியாக மிச்சமிருந்தவர்களும் பெற 2003 வரை ஆனது. தாத்தா காலத்திலிருந்தே நாம் கடுதாசிக்காக நடந்தவர்கள்தான். எல்லாக் கடுதாசியையும் ஒரே ஃபைலில் போட்டு, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

நான் கிளினிக்கில் பெயர் கூப்பிடும் வேலை செய்கிறேன். கொப்பியில் ஆண் பெயர், முன்னால் சேலை கட்டியவர். எப்படிக் கூப்பிடுவது? (பதுளை)

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு ஒரு பிளேன்டீ வாங்கித் தர வேண்டும். நான் கேட்காமல் விட்ட கேள்வி இது. வருடங்களுக்கு முன் ஒரு நெரிசலான காலையில், கொப்பியைப் பார்த்துப் பழைய பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டேன். வாங்கில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது. அவர் எழும்பி, குடையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டார். இரண்டு வருடம் வரவில்லை. வந்தபோது பிரஷர் 170.

இலக்கத்தைக் கூப்பிடுங்கள். "பதினாலு, வாங்க." மற்றதைத் தமிழே பார்த்துக்கொள்ளும். வந்தானா வந்தாளா என்ற சிக்கல் 'வாங்க', 'அவர்' என்று மரியாதை போட்டதும் போய்விடும். உள்ளே வந்த பிறகு மெதுவாக, "எந்தப் பெயரால் கூப்பிடட்டும்?" என்று கேட்டு, கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். 'தம்பி', 'தங்கச்சி' என்று உறவு சொல்லத் தோன்றினால் அவர்கள் சொன்ன பிறகு சொல்லலாம்.

மூன்று வாரமாக இருமல் என்று போனேன். டொக்டர் "ஒபரேஷன் செய்தாச்சா?" என்று கேட்டார். இருமலைப் பற்றிக் கேட்கவே இல்லை. (கொட்டகலை)

"இது இருமலுக்குத் தேவையான கேள்வியா, டொக்டர்?" என்று அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலும் வெட்கப்பட்டு ஸ்டெதஸ்கோப்பை எடுப்பார். ஹோர்மோன் எடுக்கிறீர்களா என்பது தேவையான கேள்வி, அதற்குப் பதில் சொல்லுங்கள். சரி, அவர் கேட்காததை நான் கேட்கிறேன்: மாலையில் காய்ச்சல் வருகிறதா, இரவில் வியர்க்கிறதா, எடை குறைகிறதா, சளியில் இரத்தமா? இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு, காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசாங்க மார்புக் கிளினிக்கில் இலவசம். காலையில் எழும்பியதும் வரும் முதல் சளியைக் கொண்டு போங்கள்.