அப்பாவுக்கு பைக், அம்மாவுக்கு மிக்ஸி

கே: தீபாவளிப் பரிசு விளம்பரங்களில் அப்பாவுக்கு பைக், அம்மாவுக்கு மிக்ஸி என்றே காட்டுகிறார்களே, கேட்பாரே இல்லையா? - ஒரு வாசகி, செல்லூர்

ப: மிக்ஸியில் அரைத்த சட்னியை வீடே சாப்பிடுகிறது, அது எப்படி அம்மாவுக்கு மட்டும் பரிசாகும்? சரி, கேட்க ஆள் உண்டு. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2022-லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, புகாரை இணையத்திலேயே கொடுக்கலாம். ஆனால் பெண் சமைப்பதைக் காட்டினாலே தப்பு என்று அது சொல்லவில்லை, சமையல் அவள் தலையில் மட்டும்தான் என்று காட்டினால்தான் சிக்கல். விளம்பரத்துக்கு மட்டுமல்ல, கடைக்கே விதி போட்ட இடமும் உண்டு: அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2024 முதல் பெரிய கடைகள், பையன் பொண்ணு என்று பிரிக்காத பொம்மைப் பகுதி ஒன்று வைத்தே ஆகவேண்டும். நம்ம மதுரை விளக்குத்தூண் கடைவீதி நெரிசலில் பொண்ணைப் பார்த்ததும் சொப்புச் சாமானை நீட்டுகிற கடைக்காரரிடம் எந்தக் கவுன்சிலும் வராது, நீங்கள்தான் "அண்ணே, அந்த ரிமோட் காரை எடுங்க" என்று சொல்லணும்.