தலை நிமிராத பையன்

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

என் மகனுக்கு 13 வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. போன மாதம் கோயிலில் ஒரு கல்யாணம். சொந்தக்காரப் பையன்கள் நாலு பேர் இருந்தும் இவன் தூணோரம் உட்கார்ந்துவிட்டான். அவன் ஆத்தா, பாட்டிதான், தமிழில் கேட்டால் பர்மா பாஷையில் பதில், அதுவும் ஒற்றை வார்த்தை. போனைப் பிடுங்கிவிடு என்கிறார் சென்னையில் இருக்கும் என் அண்ணன். பிடுங்கிவிடலாமா?

ஒரு தாய், பெகு, பர்மா

அன்புள்ள தங்கைக்கு,

பிடுங்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

2014-க்கு முன்னால் நம் ஊரில் சிம் கார்டு வாங்குவது நகை வாங்குகிற மாதிரி. அந்த வருஷம் வெளிநாட்டுப் போன் கம்பெனிகளான ஊரிடூவும் டெலினாரும் வந்து 1,500 கியாட்டுக்கு விற்றார்கள். உங்கள் பையன் அப்போது நடை பழகியிருப்பான். 2020-ல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் மூடியபோது அவனுக்கு ஏழெட்டு வயது. சண்டை போட்டு, கோபித்துக்கொண்டு, மறுநாள் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிற வயது அது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் ராத்திரி ஊரடங்கு வந்தது. இருட்டுமுன்னே உள்ளே வா என்று கூப்பிட்டது நாம்தான். தெருவை அடைத்துவிட்டுப் போனைக் கையில் கொடுத்தோம். இப்போது அதையும் வாங்கிக்கொண்டால் அவன் எங்கே போவான்? கல்யாணத்தில் தூணோரம் உட்கார வைத்தது கூச்சம் என்றே நினைக்கிறேன். கூட்டத்துக்குள் நுழையப் பழகாதவனின் கூச்சம். போன் அதற்கு நல்ல மறைப்பு. நமக்கு அம்மாவின் முந்தானை இருந்தது.

2003-ல் அமெரிக்காவில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பெட்ரீஷியா கூல் என்பவரும் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் ஒன்பது மாதக் குழந்தைகள். சீன மொழிக்காரர்கள் சில குழந்தைகளோடு நேரில் உட்கார்ந்து கதை படித்தார்கள், பொம்மை காட்டி விளையாடினார்கள். மொத்தம் 12 தடவை, தடவைக்கு 25 நிமிஷம். வேறு சில குழந்தைகளுக்கு அதையே வீடியோவில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன, வீடியோ பார்த்தவை கற்கவில்லை. இதோடு நிறுத்தினால் உங்கள் அண்ணன் கட்சி ஜெயித்த மாதிரி. ஆனால் 2018-ல் அங்கேயே இன்னொரு சோதனை. குழந்தையே திரையைத் தொட்டு வீடியோவை ஓட்டலாம். சில குழந்தைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு குழந்தையும் உண்டு. துணையோடு பார்த்தவற்றின் மூளையில் கற்றதன் அடையாளம் தெரிந்தது, தனியாகப் பார்த்தவற்றில் அந்த அளவுக்கு இல்லை. கைக்குழந்தையை வைத்து 13 வயதுக்காரனுக்கு நியாயம் சொல்வது முழுக்கச் சரியில்லைதான். ஆனாலும் அதைப் படித்ததிலிருந்து, பிள்ளைகள் கையில் போனைக் கண்டால் பக்கத்தில் யார் என்றுதான் என் கண் போகிறது.

எங்கள் தெருமுனைத் தேக்கடையில் சாயங்காலம் ஐந்து பையன்கள் கூடுவார்கள். குட்டை ஸ்டூல், நடுவில் காசில்லாமல் தருகிற வெறும் தேத்தண்ணிக் கூஜா, ஒரே பவர் பேங்கில் மூன்று வயர். போனில் மொபைல் லெஜண்ட்ஸ் என்கிற சண்டை விளையாட்டு ஓடும். ஒருத்தன் செத்தால் மற்ற நாலு பேரும் தலை நிமிர்ந்து அவனைத் திட்டுவார்கள். திட்டு வாங்கினவன் எழுந்துபோய் எல்லாருக்கும் சமூசா வாங்கி வருவான். வட்டமாக நின்று பிரம்புப் பந்தைக் காலால் தட்டும் சின்லோன் ஆடும்போது பந்தைக் கீழே விட்டவனை நாங்களும் இப்படித்தான் வைதோம். அந்தச் சமூசாப் பையன் எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறான். ராத்திரி மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து டிக்டாக்கைத் தள்ளிக்கொண்டிருப்பான், முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. அதே போன், அதே பையன். எனக்குப் பயம் அந்தப் படிக்கட்டில்தான்.

அதனால் ராத்திரிக்கு மட்டும் கண்டிப்பு வையுங்கள். போன் கூடத்தில் கிடக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று சட்டம். இங்கே 2021-ல் பேஸ்புக்கை அடைத்தபோது தாத்தாக்கள்கூடத் தடையைத் தாண்டிப் போக விபிஎன் போடக் கற்றுக்கொண்டார்கள். தடை நமக்குப் புதுசா என்ன?

அப்புறம் ஆத்தா விஷயம். அவனுக்குத் தமிழ் வராமல் இல்லை. யூடியூப் பார்த்து 'வேற லெவல்' என்றாவது சொல்லுவான், பெகுவில் யாரும் பேசாத தமிழ். ஆத்தாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். "என்னடா சொல்றான் இவன்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கட்டும். என் அக்கா இதைச் செய்தாள். விளக்கிக் களைத்த பேரன், "ஐயோ ஆத்தா, முதல்ல இருந்து போடுறேன், ஒழுங்காப் பாரு" என்றான். கரண்ட் போய், போனில் சார்ஜும் தீர்கிறவரை இரண்டு பேரும் நகரவில்லை.

பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு வந்தால் பையனையும் கூட்டி வாருங்கள். சமூசாப் பையனை நான் கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்