வாசகர் கேள்வி – பதில்: தாயகம் திரும்பியோர் சங்கத்தின் வரலாறு

இலங்கையிலிருந்து வந்த தோட்டக் குடும்பங்களுக்காக 1970-களில் தொடங்கிய சங்கம் எங்களுடையது. இன்று மற்ற ஏழைக் குடும்பங்களுக்கும் உதவுகிறோம். வரலாற்று மலர் போட நினைக்கிறோம். நிர்வாகிகள் பட்டியலும் படங்களும் கையில் இருக்கின்றன. வேறென்ன வேண்டும்?
— சங்கச் செயலாளர், கோத்தகிரி

நிர்வாகிகள் பட்டியலைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். இந்த மக்கள் ஏன் வர நேர்ந்தது என்பதே முதலில் வர வேண்டும். 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில், அதாவது அங்கே தோட்ட வேலைக்குப் போன இந்திய வம்சாவளியினரில், பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இப்படி நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்த மக்களின் சம்மதம் கேட்காமல் போட்ட கணக்கு இது. மலரில் அதை மழுப்பாமல் எழுதுங்கள். வந்தவர்களுக்கு வேலை தர 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் 1976-இல் டான்டீ எனும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது.

அடுத்து, உங்கள் சங்கத்தின் பதிவு எண்ணுடன் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, துணை விதிகள், அவற்றின் திருத்தங்கள், ஆண்டுக் கணக்குகள் ஆகியவற்றுக்குச் சான்றளித்த நகல் கேளுங்கள். தாயகம் திரும்பியோர் அல்லாதவர்களுக்கும் உதவ எப்போது முடிவெடுத்தீர்கள் என்பது துணை விதித் திருத்தத்தில் தெரியும். பழைய ரொக்கப் புத்தகம் இன்னும் நன்றாகப் பேசும். மனு எழுதிய செலவு, பஸ் கட்டணம், பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் என எந்த ஆண்டில் எதற்குப் பணம் போனதோ, அதுதான் சங்கம் உண்மையில் செய்த வேலை.

பெரியவர்களிடம் "எந்த வருஷம் வந்தீங்க?" என்று மட்டும் கேட்டால் ஆண்டு முன்பின்னாக வரும். எந்தத் தோட்டம், எந்தத் துறையில் இறங்கினார்கள், வந்ததும் தங்கவைத்த மண்டபம் முகாமில் எத்தனை நாள், அப்போது கைக்குழந்தை யார் என்று கேளுங்கள். தனுஷ்கோடியில் இறங்கியதாக ஒருவர் சொன்னால் அவர் அந்தத் துறையை அழித்த 1964 டிசம்பர் புயலுக்கு முன்னால் வந்தவர். ஒப்பந்தப்படி வந்தவர்களோ இராமேசுவரத்தில் இறங்கியவர்கள். கைக்குழந்தையின் பள்ளிச் சான்றிதழை வைத்தும் ஆண்டைச் சரிபார்க்கலாம்.

இலங்கையிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பழைய குடும்ப அட்டைகளும் மனு நகல்களும் பீரோவில் பூஞ்சை பிடித்துவிட்டன. லேமினேட் செய்துவிடலாமா?
— வாசகி, பந்தலூர்

வேண்டவே வேண்டாம். லேமினேஷன் சூட்டில் பழைய மை மங்கும்; ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவும் முடியாது. வெயிலிலும் போடாதீர்கள், தாள் சுருண்டு உடையும். காற்றோட்டமான நிழலில், மை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து உலர்த்துங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் வெளியே வைத்துத் தட்டுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்வது அவசியம். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டு, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். உங்கள் பக்கத்து ஆனி, ஆடி மழையில் இரும்பு பீரோவின் உட்பக்கம் வியர்க்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழை விட்ட நாட்களில் கதவைத் திறந்துவிடுங்கள். இதற்கெல்லாம் முன்னால், ஒவ்வொரு தாளையும் இரு பக்கமும் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் தந்த அந்தக் குடும்ப அட்டைதான் பல வீடுகளில் வந்த வழிக்கு இருக்கும் ஒரே சான்று. சாதிச் சான்றிதழுக்கு மனுப் போடும் பேரப்பிள்ளைகள் இன்றும் அதைத்தான் தேடுகிறார்கள்.

அந்த அட்டைகளை மலரில் அச்சிடலாமா? 1983-க்குப் பிறகு வந்தவர்களையும் தாயகம் திரும்பியோர் பட்டியலிலேயே சேர்க்கலாமா?
— வாசகர், கூடலூர்

அட்டையை அச்சிடுவதானால் குடும்பத்தாரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பாஸ்போர்ட் எண்ணையும் சாதியையும் மறைத்துவிடுங்கள். பட்டியல்களை மட்டும் கலக்காதீர்கள். ஒப்பந்தப்படி வந்தவர்கள் இந்திய பாஸ்போர்ட்டுடன் வந்த இந்தியக் குடிமக்கள். 1983 கலவரத்துக்குப் பின் உயிர் தப்பி வந்தவர்களில் பெரும்பாலோர் அகதிகளாகவே பதிவானார்கள். ஒரே தலைப்பில் இருவரையும் போட்டால், குடிமகனாகிய ஒருவரை நாளை ஓர் அலுவலகம் "அகதிதானே?" என்று கேட்க உங்கள் மலரே சாட்சியாகிவிடும்.