அந்த ரப்பரைக் கீழே வையுங்கள்

வணக்கம் ஐயா,

என் மகள் மூன்றாம் வகுப்பு. தினமும் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கழித்தலில் கவனமே இல்லை. 52−17க்கு 45, 83−46க்கு 43 என்று எழுதுகிறாள். 78−35 மட்டும் சரியாக வருகிறது. அழித்து அழித்து எழுதவைத்தும் மறுநாள் அதே தப்பு. கடைசியில் இருவருமே அழுகிறோம். டியூஷனில் சேர்க்கலாமா? நல்ல ஆப் ஏதாவது உண்டா?

– ச.

அன்புள்ள ச.,

டியூஷனும் ஆப்பும் இருக்கட்டும். இரண்டு மணி நேரம் அந்த வயதுக்கு மிக அதிகம். இருபது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். ஆனால் 'கவனமே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

அவள் எழுதிய விடைகளைப் பாருங்கள். 52−17இல் ஒன்றாம் இடத்தில் 2இலிருந்து 7 போகாது. அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டிருக்கிறாள். 83−46இலும் அப்படியே. 78−35இல் மேலே இருப்பதே பெரிய எண் என்பதால் விடை சரியாக வந்துவிட்டது. 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்ற ஒரே விதியை மூன்றிலும் பிசகாமல் போட்டிருக்கிறாள். இதுவா கவனமின்மை? ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978இலேயே இதைக் காட்டிவிட்டார்கள்: இத்தகைய பிழைகள் பல, தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை.

நீங்களோ அந்த விதி வெளியே தெரிந்த ஒரே இடத்தை ரப்பரால் துடைத்துவிடுகிறீர்கள். விடை போய்விட்டது, விதி தலைக்குள் அப்படியே இருக்கிறது. மறுநாள் வேறென்ன வரும்?

தப்பான விடை நோட்டில் கிடக்கட்டும். 'இது எப்படி வந்தது, சொல்லும்மா' என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்காதீர்கள். சரியான விடைக்கும் இதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கேட்டாலே தப்பு என்று பயந்துவிடுவாள்.

பிறகு 52 குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு, உதிரி 2. அதிலிருந்து 17 எடுக்கச் சொல்லுங்கள். உதிரியில் 7 இல்லை என்று அவளே திணறி, அவளே ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான பெற்றோர் அவசரப்பட்டுத் தாங்களே பிரித்துக் கொடுத்துக் காரியத்தைக் கெடுப்பது இங்கேதான். இப்போது நான்கு கட்டு, உதிரி 12. ஏழு போனால் 5, ஒரு கட்டு போனால் 3. விடை 35. 'கடன் வாங்குவது' என்ற சொல்லையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று குழந்தை குழம்பும். 'கட்டைப் பிரிப்பது' என்றால் கைக்குத் தெரியும்.

நான்கைந்து கணக்கு குச்சியில் மட்டும். அடுத்து, ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் நோட்டில் 5ஐ அடித்து 4, 2ஐ 12 ஆக்கட்டும். குச்சியைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் பழைய விதி திரும்பிவிடும். கடைசியாக அந்தப் பழைய 45ஐக் காட்டி, 17ஐக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 62 வரும். 52 எங்கே என்று அவளே தேடுவாள்.

304−178 போல நடுவில் சுழி வரும் கணக்கை அதற்கு முன் கொடுக்காதீர்கள். அதில் நூறைப் பிரித்துப் பத்தாக்கி, பிறகு பத்தைப் பிரிக்க வேண்டும்; அதற்கு இன்னும் இரண்டு வாரமாவது போகட்டும்.