உணவகக் கூரையும் ரப்பர் விரிப்பும்

கேள்வி: என் உணவகக் கட்டடத்தின் தட்டையான கூரையில் ஈபிடிஎம் எனப்படும் கறுப்பு ரப்பர் விரிப்பு உள்ளது. அதை எவ்வாறு பராமரிப்பது? (வாசகர், டொராண்டோ)

பதில்: பனி கரைந்தபின் ஒருமுறை, இலையுதிர்காலத்தில் ஒருமுறை, பெரும்புயலுக்குப் பின்னும் மேலேறிப் பாருங்கள். விரிப்பின் நடுப்பகுதியைவிட, ஒட்டிய இணைப்புகளிலும் குழாய்கள் துளைத்து வரும் இடங்களிலும் சுவரோர மடிப்புகளிலுமே பெரும்பாலும் கசிவு தொடங்குவதால், அங்கே விளிம்பு எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. மழை நின்று 48 மணி நேரத்துக்குப் பின்னும் நீர் தேங்கினால், வடிகால் அடைப்பையோ சரிவுக் குறையையோ சந்தேகிக்கலாம்.

உணவகம் என்பதால் எனக்குக் கூடுதல் கவலை சமையலறைப் புகைபோக்கிதான்: அதிலிருந்து சொட்டும் எண்ணெயை உறிஞ்சும் இந்த ரப்பர் உப்பி, வலுவிழந்துவிடும். அதன் கீழே எண்ணெய் தாங்கும் தட்டு வைத்து, அடிக்கடி துப்புரவு செய்யுங்கள். கிழிசலில் தார் பூசுவதும் இதே கேட்டையே விளைவிக்கும். ஈபிடிஎம்முக்கு உரிய ஒட்டுத்துண்டையே பயன்படுத்துங்கள்.