பந்தல் வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊரில் இரண்டு வருடமாக அறிவியல் மன்றம் நடத்துகிறோம். மாதம் ஒரு பேராசிரியரை அழைத்துச் சொற்பொழிவு வைக்கிறோம். பந்தல், மைக், சுண்டல் எல்லாம் உண்டு. வருவதோ நிர்வாகிகள் மட்டும்தான். நம் மக்களுக்கு அறிவியலில் ஆர்வமே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பள்ளத்தூர் (காரைக்குடி அருகே)

பதில்: முடிவு கட்டலாம் ஐயா, ஆனால் சொற்பொழிவைப் பற்றி.

நீங்கள் அனுப்பிய அழைப்பிதழைப் பார்த்தேன். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. ஐந்து உரை, கேட்க வந்தவர் வாய் திறக்க ஓர் இடமும் இல்லை. நானும் இப்படி ஒரு கூட்டத்தில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருக்கிறேன். நீர் மாசு பற்றி முக்கால் மணி நேரம் பேச்சு. பத்தடி தள்ளி ஊருணி கிடந்தது. ஒருவரும் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து காட்டவில்லை. அன்று போர்த்திய பொன்னாடை இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

ஆர்வம் இல்லை என்கிறீர்கள். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள், வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்களை வரிசையாக உட்காரவைத்து நாரையைப் பற்றிப் பாடம் எடுத்தால் எழுந்து போகத்தான் செய்வார்கள். அவர்களைப் பேச விட்டு, உங்கள் பேராசிரியர் குறிப்பு எடுக்கட்டுமே.

1990-களின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கையில் எடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். யார் கற்றுக்கொடுத்தது? சற்று முன்னால் கற்றுக்கொண்டவர்களே புதிதாக வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முழங்கால் காயம் இன்னும் ஆறாத ஆளுக்குத்தான் எந்த இடத்தில் கை நடுங்கும் என்று ஞாபகம் இருக்கும். வாழ்நாளெல்லாம் வாத்தியாராக இருந்த உங்களுக்கு இது கொஞ்சம் கசக்கலாம்.

சரி, என்னதான் செய்வது? மழையை அளந்து பாருங்கள். உங்கள் ஊரில் வளவு (நடுமுற்றம்) வைத்த வீடுகளுக்குப் பஞ்சமில்லை. கூரைத் தண்ணீர் முற்றத்தில் கொட்டும்போது அண்டாவில் பிடித்த ஆச்சிகள் இன்னும் இருக்கிறார்கள். பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போலச் செருகுங்கள். அடியிலிருக்கும் மேடு பள்ளம் மூழ்கும்வரை தண்ணீர் விட்டு, அங்கே பூஜ்ஜியம் என்று கோடு போட்டு ஸ்கேலை ஒட்டினால் மழைமானி தயார். முற்றத்தின் ஓரத்தில் வைத்தால் கூரைத் தண்ணீரும் சேர்ந்து விழுந்து கணக்கைக் கெடுக்கும். இதைப் பேராசிரியருக்கு முன்னால் ஆச்சி சொல்லிவிடுவார். திறந்த வெளியில் வைத்து, வானிலைத் துறைக்காரர்கள் மாதிரி தினமும் காலை 8.30-க்குப் பாருங்கள்.

1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர். இந்தக் கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளை பக்கத்து வீட்டு ஆச்சிக்குப் போட்டுக் காட்டட்டும். அந்த நாளில் எத்தனை அண்டா நிறைந்தது, மிச்சத் தண்ணீர் எந்த வழியாக ஊருணிக்குப் போனது என்று ஆச்சி பிள்ளைக்குச் சொல்லட்டும். பத்து வீட்டு அளவுகளை ஊருணிக்கரையில் ஒரு கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். அளந்தவர் கண்ணிலேயே படாமல் மன்றத்துப் பீரோவுக்குள் போகிற கணக்கு, கூலி கொடுக்காமல் வாங்கிய வேலை. யாராவது எழுதிய எண் தப்பாகத் தெரிந்தால் நேரில் போய்ப் பாட்டிலைப் பாருங்கள். சிரித்துவிடாதீர்கள், அடுத்த நாள் அந்த வீட்டில் அளக்க மாட்டார்கள்.

நிபுணர்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால், அதற்காக அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கருக்கு மரியாதை இல்லை. அவர்களை மேடை ஏற்றாமல் ஊருணிப் படியில் உட்காரவையுங்கள். சந்தேகம் வந்தவர்கள் போய்க் கேட்பார்கள். சுண்டல் இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. சித்திரை பிறந்த சில நாளில், பகல் பன்னிரண்டேகால் வாக்கில் உங்கள் வட்டாரத்தில் சூரியன் சரியாக உச்சிக்கு வரும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் ஒருமுறை. அதே நாள் நண்பகலில் சென்னையிலிருக்கும் மகனோ மகளோ மொட்டைமாடியில் ஒரு மீட்டர் குச்சியை நட்டால் சுமார் 5 செ.மீ. நிழல் விழும். அந்தக் கோணம் 3 பாகை. தெற்கு வடக்காக இரண்டு ஊருக்கும் இடைவெளி சுமார் 335 கி.மீ. முழு வட்டத்தில் 3 பாகை 120 முறை அடங்கும். பெருக்கினால் 40,200 கி.மீ. பூமியின் சுற்றளவு ஏறக்குறைய அவ்வளவுதான். கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்னால் எகிப்தில் போட்ட கணக்கு இது. அவரிடம் செல்போன் இல்லை.

அன்றைக்கு ஊரையே கூப்பிடுங்கள், ஆளுக்கொரு குச்சியோடு. பழக்கதோஷத்தில் பந்தல் மட்டும் போட்டுவிடாதீர்கள்.