யாங்கோன்–சென்னை ஒன்றரை மணி நேரம்தானா?

வணக்கம் நண்பரே. யாங்கோனில் காலை 10.15க்குக் கிளம்பிச் சென்னையில் 11.45க்கு இறங்குவதால் அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, இரண்டரை மணி நேரம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். பர்மா இந்தியாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. திரும்பும்போது இதே பயணம் மூன்றரை மணி போலத் தெரியும். தூரம் நேர்க்கோட்டில் சுமார் 1,750 கிலோமீட்டர், பெரும்பாலும் வங்கக் கடலுக்கு மேலேதான்.

அப்புறம், அம்மாவுக்குச் சர்க்கரை என்கிறீர்கள். மாத்திரையும் பிஸ்கட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அப்பாவை அழைத்துப்போன அன்று அவர் கைக்கடிகாரத்தை யாங்கோன் நேரத்திலேயே விட்டுவைத்தேன். வீடு போய்ச் சேரும்வரை மாத்திரை வேளை தவறவில்லை.